மௌஸ் சக்கரமும் மொழிமூலமும்

2025 மார்ச் 3, திங்கள்

நான் வேலை செய்யும் இன்டர்நெட் கடை மௌஸுக்கு மறுபடி கிறுக்கு. சக்கரத்தை ஒரு தரம் உருட்டினால் பக்கம் மூன்று தரம் ஓடுகிறது. கழற்றி வேறு இடத்தில் செருகினேன், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன், சக்கர இடுக்கில் சுற்றியிருந்த முடியை ஊசியால் எடுத்தேன். அரை நாள் அடங்கி இருந்தது. முதலாளி முக்தார் நானா, "ஓடுதுதானே, பொறகு பாப்பம்" என்றார். வரக்காப்பொலயில் பாதிப் பேர் விண்ணப்பம் போடுவது இந்த ஒரு மௌஸில்தான்.

மார்ச் 5

கூட்டம் குறைந்ததும் என் விண்ணப்பத்தை அனுப்பினேன். அரசாங்கக் கிளார்க் பரீட்சை. ஜூலையோடு வயதெல்லை முடிகிறது. இதுதான் கடைசி.

ஏப்ரல் 22

அனுமதி அட்டை வந்தது. மொழிமூலம், அதாவது பரீட்சை எழுத வேண்டிய மொழி: சிங்களம்.

நான் தமிழைத்தான் தெரிவு செய்தேன். பிறகு பக்கத்தை இறக்கச் சக்கரத்தை உருட்டினேன் — அம்பு மொழி தெரிவு செய்யும் கட்டத்தின் மேலேயே நின்றிருக்க வேண்டும். பக்கத்துக்குப் பதிலாக மொழி மாறிவிட்டது. தினமும் பத்துப் பேருக்கு "அனுப்ப முந்தி ஒருக்கா பாருங்க" என்று சொல்கிறவள். எனக்குன்னு வந்தப்ப ஏன் பாக்கல? ஏன் பாக்கல?

ஏப்ரல் 23

பரீட்சை அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். பதினொரு வருஷக் கடைப் பழக்கம், வாயைத் திறந்ததும் சிங்களம்தான் வந்தது. படித்தது ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடம், சிங்களத்தில் ஒரு பந்தி எழுத வராது, தமிழுக்கு மாற்றித் தாருங்கள் — இவ்வளவையும் சிங்களத்திலேயே விளக்கினேன். போனை எடுத்த ஐயா சிரித்தார். "மிஸ் ஹொந்தட்ட சிங்கள கதா கரனவனே." நன்றாகப் பேசுகிறேனாம், அப்படியே எழுதிவிடலாமாம். மொழிமூலம் பிறகு மாற்றமாட்டார்களாம்.

நன்றி சொல்லி வைத்தேன். கோபம் வர வேண்டும். வரவில்லை.

ஏப்ரல் 30

நானா புது மௌஸ் வாங்கினார். நன்றாக வேலை செய்கிறது.

மே 11

அம்மா அட்டையைப் பார்த்துவிட்டாள். ரப்பர் பால் வாடையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். விஷயத்தைச் சொன்னேன். "ஒனக்கு வராத சிங்களமா? போயி எழுதிட்டு வா." பேச்சு வேறு, எழுத்து வேறு என்று எப்படிச் சொல்வது. சோற்றைப் போட்டுச் சாப்பிட்டேன்.

ஜூன் 1, ஞாயிறு

கேகாலையில் பரீட்சை. வினாத்தாளை எழுத்துக்கூட்டி வாசித்தேன். கேள்விகள் கஷ்டமே இல்லை, எல்லாவற்றுக்கும் விடை தெரிந்தது. சிங்களத்தில் ஒரு வரி எழுதி, வெட்டினேன். பிறகு தமிழில் எழுதத் தொடங்கினேன்.

மேற்பார்வையாளர் குனிந்து, தமிழில் எழுதினால் புள்ளி போடமாட்டார்கள் என்று சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். தெரியும் என்றேன்.

மணி அடிக்கும் வரை எழுதினேன். ஒன்றையும் விடவில்லை. கையெழுத்து நன்றாக வந்திருந்தது.