உண்டுகாட்டி சோதித்த இ-சிம்மின் பொருட்டுக் கருங்கழித் துறைக்கு விடுத்த ஓலை

திரு நிலைக்க. மழை பொய்யாதிருக்க. ஏழு கழிகளும் ஒரு குடைக்கீழ் ஆளும் தாழைநாட்டுப் பேரரசி பெருங்கோதை நாச்சியார் பணித்தருளியபடி, தலைமை மந்திரி மாவலிச்சேரி வெண்கொற்றனார் பொருட்டு, ஓலைநாயகம் அறிவன் தேவன் எழுதும் ஓலை. கருங்கழித் துறையின் காவலரும் சுங்கத்தின் தலைவருமாகிய திரையன் ஆதனார் கண்டு கைக்கொள்க. தங்கள் துறையில் அலை அடங்குக. தங்கள் விளக்குமாடத்தில் எண்ணெய் வற்றாதிருக்க. தங்கள் மனைக்கும் மக்களுக்கும் நன்மையே விளைக.

ஆணை யாதெனின், இன்று உச்சிவேளைக்குச் சுறவத்தீவு நோக்கிப் புறப்படும் அரசுக் கப்பலை, அரசு உணவை முன்சுவைத்துக் காட்டும் அரண்மனை உண்டுகாட்டி ஓரிச் சாத்தன் தம் டேப்லெட்டுடன் வந்து ஏறும் வரை பாய் விரிக்கவிடாது நிறுத்துக.

காரணம் எழுதாத கட்டளையைத் தாங்கள் கையாலும் தொடமாட்டீர்கள் என்பதை நாடறியும். சென்ற ஐப்பசியில் அரசியாரின் ஓலையையே போலியென்று ஐயுற்று மூன்று நாள் கிடப்பில் போட்டவர் தாங்கள். ஆகவே நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுக என்று அரசியார் பணித்தார். அருகிலிருந்த மந்திரியார் ஓரிடத்தில் இது வேண்டாம் என்றார். அரசியாரின் சொல் பெரிதாகையால் அதுவும் எழுதப்பட்டது.

சுறவத்தீவின் வழக்கம் தாங்கள் அறியாததன்று. அங்கு இறங்கும் அயலார் எவராயினும், அவர்தம் போனையும் டேப்லெட்டையும் வாங்கி, சிம் தட்டை ஊசியால் குத்தித் திறந்து, உள்ளிருக்கும் சிம்மை எடுத்து ஒரு ஜாடியில் இட்டுவிடுவர். ஊர் திரும்பும் நாளில்தான் அது கைக்கு வரும். சென்ற ஆண்டு தூது சென்றவரிடமிருந்து நாற்பது நாள் ஒரு சொல்லும் வரவில்லை. அவர் உயிரோடு திரும்பினார் என்பது வேறு. அந்த நாற்பது நாளும் அவர் வீட்டார் பட்ட பாட்டை மந்திரியார் கண்ணால் கண்டவர்.

இவ்வாண்டுத் தூது மந்திரியாரின் ஒரே மகள் அமரநங்கையார் மேல் விழுந்தது. கழிமீன் உரிமை பற்றித் தீவாரோடு பேச அவரினும் தக்கார் இல்லை என்று அவை ஒருமுகமாகக் கூறிற்று. மந்திரியாரும் தலையசைத்தார். ஆயினும் மகளின் குரல் கேளாத ஒரு நாளை அவர் இதுவரை வாழ்ந்ததில்லை. அவள் பேசாத நாற்பது நாளை எப்படிக் கழிப்பது என்ற ஒன்றே அன்று முதல் அவர் நெஞ்சை அரித்தது.

அந்நிலையில் குணகடல் வணிகன் ஒருவன் அவைக்கு வந்து, இ-சிம் என்று ஒன்று உண்டு, அது டேப்லெட்டின் உள்ளேயே பதிவதாகலின் எடுக்கவும் முடியாது, ஜாடியில் இடவும் முடியாது என்றான். கட்டங்கள் நிறைந்த கியூஆர் குறி ஒன்றைத் தாளில் அச்சிட்டுத் தந்தான். வைஃபை உள்ள இடத்தில் அமர்ந்து, செட்டிங்ஸில் இ-சிம் சேர்க்கும் பகுதியைத் திறந்து, கேமராவால் குறியைக் காட்டினால் போதும். தீவில் இறங்கியபின் அதன் ரோமிங்கைத் திறந்துவிட்டால் வேலை முடிந்தது என்று விளக்கினான்.

கண்ணுக்குத் தெரியாத பொருளை விற்பவனை எங்ஙனம் நம்புவது என்று மந்திரியார் வினவினார். குறியின் கட்டங்களுள் வேற்றெழுத்து ஒளிந்திருக்கலாமென்று ஐயுற்று, அதை ஓலையில் எழுத்தாணியால் பெயர்த்தெழுதுமாறு அடியேனைப் பணித்தார். அரைநாள் குனிந்து எழுதினேன். எந்த டேப்லெட்டும் என் ஓலையைத் திரும்பியும் பார்க்கவில்லை. முதுகு இன்னும் வலிக்கிறது.

ஒரு குறி ஒரே டேப்லெட்டில் ஒரே முறைதான் இறங்கும் என்று வணிகன் இருமுறை எச்சரித்தான். அவன் முதன்முறை சொன்னபோது மந்திரியார் புருவம் உயர்த்தினார். மறுமுறை சொன்னதும் ஐயம் உறுதியாயிற்று. முன்னதாகச் சோதிக்கவொண்ணாதபடி தடுப்பவன் எதையோ மறைக்கிறான் என்பது அவர் முடிவு. அயல்நாட்டிலிருந்து வரும் எதுவும் உண்டுகாட்டி முன்சுவைத்து மூன்று நாள் நலமாயிருந்த பின்னரே அரசுப் பணியாளர் கைக்குச் செல்ல வேண்டும் என்பது தாழைநாட்டின் பழைய விதி. அவ்விதி சோற்றுக்கும் பழத்துக்கும் எழுதப்பட்டது. மந்திரியார் அதை இ-சிம்முக்கும் பொருத்தினார்.

உண்டுகாட்டி சாத்தனார் தம் டேப்லெட்டால் குறியைச் சுவைத்தார். மூன்று நாள் அவரை மருத்துவர் கண்காணித்தார். சுரம் இல்லை, வயிற்றுவலி இல்லை, டேப்லெட்டும் சூடேறவில்லை என்று சான்று எழுதப்பட்டது. அதற்குள் அமரநங்கையார் துறைக்குச் சென்றுவிட்டமையால், பழுதில்லை என்னும் சான்றோடு குறித்தாளும் குதிரையில் பின்தொடர்ந்தது.

நேற்று மாலை அமரநங்கையார் தங்கள் சுங்க மண்டபத்தில் அமர்ந்து அக்குறியைக் காட்ட, இது முன்னரே பயன்படுத்தப்பட்டது என்று டேப்லெட் மறுத்துவிட்டது. செய்தி அரண்மனைக்கு எட்டியதும் மந்திரியார், வணிகன் ஏமாற்றினான் என்று கொதித்து, தங்கள் துறையில் தங்கியிருந்த அவனைச் சிறைசெய்ய உடனே ஓலை விடுத்தார். அந்த ஓலையில் காரணம் இருந்தமையால் தாங்கள் தாமதிக்கவில்லை. காரணம் பிழையானது என்பதை இன்று காலை சாத்தனாரின் டேப்லெட்டே காட்டிற்று. இ-சிம் அங்கே சுகமாக அமர்ந்திருக்கிறது. குற்றம் வணிகனுடையதன்று, சோதனையினுடையது. இது மந்திரியார் எழுதவேண்டாமென்ற இடம்.

சாத்தனாரின் டேப்லெட்டையே அமரநங்கையாரிடம் கொடுத்தனுப்பலாமே என்று தாங்கள் நினைக்கலாம். உண்டுகாட்டி தொட்டுச் சுவைத்த கலம் எச்சிற்கலம். அதைத் தூதர் கையால் தொடுதல் விதிக்கு ஒவ்வாது. வணிகனிடமே மறுகுறி கேட்கலாமென்று அடியேன் மெல்ல நினைவூட்டினேன். சிறையில் இட்டவனிடம் போய்க் கையேந்தினால் அவன் என்ன கலந்து தருவானோ என்று மந்திரியார் அஞ்சினார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஆகவே சாத்தனாரே கப்பலேறி, தூதர் அருகில் டேப்லெட்டை ஏந்தி நிற்பதென்று முடிவாகி, அது தூதருக்கும் மடலில் அறிவிக்கப்பட்டது. அவருக்குத் தோணியில் ஏறினாலே குமட்டும் என்பதைச் சொல்ல ஒருவரும் துணியவில்லை.

இவ்வளவும் எழுதி, இலச்சினைக்கு அரக்கு உருக்கும் வேளையில், அமரநங்கையாரிடமிருந்து மந்திரியாரின் டேப்லெட்டுக்கு மடல் வந்தது. கீறிய ஓலையைத் துடைத்தெழுத இயலாதாகையால், தொடர்ந்து எழுதுகிறேன். மடல் உள்ளவாறே வருமாறு:

“அப்பா, சாத்தனாரைக் கப்பலுக்கு அனுப்பாதீர்கள், பாவம், அவருக்கு ஒத்துக்கொள்ளாது. இன்று காலை நானே சிறைக்குப் போய் வணிகரிடம் மன்னிப்புக் கேட்டேன். துறைக்காவலர் நேற்றே அவர் போனைத் திறந்து சிம்மைப் பிடுங்கிக்கொண்டு, இனி இவன் யாரோடும் பேச முடியாது என்று போனை மட்டும் அவரிடமே விட்டுவிட்டாராம். ஆனால் அவர் போனுக்குள் இருந்த இ-சிம்மை யாராலும் எடுக்க முடியவில்லை. அதன் வழியாகவே எனக்குப் புதுக் குறி வரவழைத்தார். கம்பிக்கு இப்பால் நின்று அவர் போனில் தெரிந்த குறியை என் டேப்லெட்டால் எடுத்தேன். சேர்ந்துவிட்டது. தீவில் என் சிம்முக்கு என்ன நடக்குமோ அதுவே அவருக்கு இங்கே நடந்தது. இதைவிடச் சோதனை என்ன வேண்டும்? உங்களைக் கேட்காமல் செய்ததற்குக் காரணம், கேட்டிருந்தால் இதையும் சுவைக்கக் கொடுத்திருப்பீர்கள். என்மேல் அன்பிருந்தால் சாப்பிட்டுவிட்டு உறங்குங்கள். மூன்று நாளாகக் கண் மூடவில்லை என்று கேள்விப்பட்டேன்.”

ஆகவே மேற்கண்ட ஆணை தள்ளப்பட்டது. கப்பலைக் குறித்த வேளையில் விடுக. வணிகனை உரிய மரியாதையுடன் விடுவித்து, அவன் சிம்மை அவனிடம் சேர்ப்பிக்க. சாத்தனார் அரண்மனையிலேயே இருப்பார். செய்தி கேட்டதும் அவர் விழுந்து வணங்கினார்.

இம்மடல் மெய்யானதா, பகைவர் எவரேனும் மகள் பெயரால் எழுதியதா என்று தாங்கள் ஐயுறுவீர்கள். மந்திரியாரும் ஐயுற்றார். மகளுக்கு மட்டுமே விடை தெரிந்த கேள்வியொன்றை அனுப்பிச் சோதிக்க எழுதத் தொடங்கினார். பிறகு மடலை மீண்டும் படித்தார். நெடுநேரம் படித்தார். எழுதியதை அழித்தார். நாட்டின் தலைமை மந்திரியை, முப்பது ஆண்டு அவையில் எவரும் எதிர்த்துப் பேசாதவரை, சாப்பிட்டு உறங்கு என்று அதட்ட இப்பூமியில் ஒருத்திதான் இருக்கிறாள். வேறு சான்று வேண்டாம் என்று கூறி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். இது அவர் எழுதவேண்டாமென்ற இரண்டாம் இடம்.

அரசியார் திருமுன் படித்துக்காட்டி, தாழைமடல் இலச்சினை இட்டு, குதிரைவீரன் கையில் கொடுக்கப்பட்டது. கண்டவுடன் செய்க, செய்தபின் அறிவிக்க. மந்திரியார் உறங்கச் சென்றிருப்பதால், மறுமொழியை மாலைக்கு மேல் அனுப்புக.