பார்க்காமல் விட்ட பால்கனி

போகிற இடமெல்லாம் என்னைப் பற்றிப் பெருமை பேசிய என் அப்பாவுக்கு,

நீங்கள் எங்களை விட்டுப் போன பிறகு, நாம் பிழைக்க வந்த இந்தச் சாங்வியில் இது இரண்டாவது மழைக்காலம். அம்மா நன்றாக இருக்கிறாள், மூட்டுவலிதான் குறையவில்லை. நான்தான் உங்கள் படத்தை நிமிர்ந்து பார்க்காமல் வீட்டுக்குள் நடமாடுகிறேன். ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

பதினொன்றாம் வகுப்பில் பயாலஜி எடுத்த அன்றே நீங்கள் என்னை டாக்டராக்கிவிட்டீர்கள். தொழிற்சாலை நண்பர்கள், கோயிலில் பார்க்கிற தமிழ்க்காரர்கள், இட்லி மாவு விற்கிறவர், எல்லோரிடமும் "எம் பொண்ணு டாக்டருக்குப் படிக்குதுங்க" என்றீர்கள். இரண்டு முறை நீட் எழுதியும் இடம் கிடைக்காமல் நான் விலங்கியலில் சேர்ந்த பிறகும் நீங்கள் அதை மாற்றிச் சொல்லவில்லை. அந்தப் பாடம் வேறு எங்காவது கொண்டுபோய் விடும் என்று நம் இருவருக்குமே தோன்றவில்லை, இல்லையா அப்பா?

அது என்னை வேலையில் கொண்டுபோய் விட்டிருக்கிறது. மாநகராட்சிச் சுகாதாரப் பிரிவில் ஒப்பந்த வேலை. வீடு வீடாகப் போய், பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, ஏர்கூலர் என்று தண்ணீர் தேங்குகிற இடங்களில் டெங்குக் கொசுவின் புழு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் கொட்டிவிட்டு, வீட்டுக்காரர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஆற்றங்கரைப் பக்கம் ஒரு சொசைட்டி, அடுக்குமாடிக் குடியிருப்பு. மூன்றாவது மாடியில் நான் இந்தியில் பேச ஆரம்பித்ததுமே கதவைத் திறந்தவர், "நீ தமிழா?" என்றார். லதா அக்கா. சென்னையிலிருந்து வந்தவர், வேலை ஹிஞ்சேவாடியில் ஒரு ஐ.டி. கம்பெனியில். உட்காரச் சொல்லி காபி கொடுத்தார். என்ன படித்தாய் என்று கேட்டார், சொன்னேன்.

"பயாலஜி படிச்சிட்டா தொட்டி தொட்டியா எட்டிப் பாத்துட்டிருக்க? ஐயோ, அப்பா அம்மாவுக்கு எவ்ளோ கஷ்டமா இருக்கும்!"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் எனக்கு முகமெல்லாம் எரிந்தது. "இல்லீங்கக்கா, இது சும்மா கொஞ்ச நாளைக்குத்தான். மறுபடி நீட்டுக்குப் படிச்சிட்டிருக்கேன்" என்றேன். அப்படிச் சொன்ன பிறகு எழுந்து போய்த் தொட்டிகளைப் புரட்ட முடியவில்லை அப்பா. பால்கனிக் கதவு எதிரிலேயே இருந்தது. "எல்லாம் சரியா இருக்குங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

அடுத்த வாரம் மேற்பார்வையாளர் கூப்பிட்டார். அந்தக் கட்டடத்தில் ஒரு சின்னப் பையனுக்கு டெங்கு, உடனே மறுபடி போய்ப் பார் என்றார். எந்த வீடு என்று கேட்டேன். மூன்றாவது மாடி. லதா அக்காவின் மகன் மித்ரன், இரண்டாம் வகுப்புப் படிக்கிறான்.

வீடு பூட்டியிருந்தது. எல்லோரும் ஆஸ்பத்திரியில். அவன் தேறி வருகிறான் என்று வாட்ச்மேன் சொல்லும்வரை தினமும் போய் விசாரித்தேன். அவனைக் கடித்த கொசு அந்த வீட்டில் பிறந்ததா, பள்ளிக்கூடத்தில் கடித்ததா, யாராலும் சொல்ல முடியாது. எனக்கு அது எந்த விதத்தில் ஆறுதல்?

அவர்கள் திரும்பி வந்ததும் போனேன். லதா அக்கா இளைத்திருந்தார். வாசலிலேயே நின்று சொன்னேன்: "அக்கா, நான் டாக்டருக்குப் படிக்கலீங்க. இதுதான் என் வேலை. அன்னிக்கு வெக்கப்பட்டுட்டுப் பால்கனியப் பாக்காமப் போயிட்டேனுங்க."

அவர் உள்ளே மகன் படுத்திருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "வேலைன்னா பாத்திருக்கணும்ல?" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். விலகி நின்று வழி மட்டும் விட்டார்.

மணிபிளாண்ட் தொட்டியை நகர்த்தினேன். தட்டில் இருந்த தண்ணீரில் புழுக்கள் நெளிந்தன. கொஞ்சத்தை வெள்ளைக் கிண்ணத்தில் எடுத்தேன். மித்ரன் போர்வையோடு வந்து எட்டிப் பார்த்தான்.

"இது ஏன் தலைகீழா தொங்குது?"

"வால்ல ஒரு குழாய் இருக்கு கண்ணு, அது வழியா மூச்சு விடுது. தலை தண்ணிக்குள்ள, வால் மேல."

"மூச்சு விடலேன்னா?"

"செத்துரும். தண்ணியில்லாத தரையில கொட்டினாலும் காஞ்சு செத்துரும், அதான் கொட்டறோம்."

அவனே கொட்டுவேன் என்று அடம்பிடித்தான். லதா அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. படியிறங்கும்போது மற்ற வீட்டுக் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டினேன்.

உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை அப்பா. நீங்கள் ஆசைப்பட்டீர்கள், அவ்வளவுதான். பொய் சொன்னது நான். பூச்சியியலில் மேலே படிக்கலாம் என்றிருக்கிறேன். கேட்டிருந்தால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? சிரித்திருப்பீர்களா, வருத்தப்பட்டிருப்பீர்களா?

வெட்கம் இன்னும் போகவில்லை. போகும் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நுழைகிற வீடு ஒவ்வொன்றிலும், அது யார் வீடாக இருந்தாலும், என்ன கேட்டாலும், கடைசித் தட்டுவரை தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வருவேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

டாக்டராகாத உங்கள் மகள்,
கவிதா