சவ்வு கண்ணுக்கு, மிச்சம் மண்ணுக்கு

மஞ்சள் பூசிய புது மண்சட்டியின் வாசனை இன்று காலை உன்னைக் கூட்டி வந்துவிட்டது. செகந்திராபாத் பிரசவ ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே ஓர் இளைஞன் அந்தச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கழுத்தில் கச்சிபௌலி கம்ப்யூட்டர் கம்பெனி அட்டை. நான் பேச ஆரம்பித்ததுமே தெலுங்கில் என்னை நிறுத்தி, மெல்லிய சவ்வை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்துவிடுவீர்கள், அதுதானே, என் அண்ணிக்கும் அப்படித்தான் செய்தார்கள் என்றான். நம் வேலையை முன்பின் தெரியாத ஒருவன் எனக்கே விளக்குகிறான். நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

நாம் இருவரும் ஒரே வாரத்தில்தான் இந்த ஊர்க் கண் ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்தோம். நீ திருநெல்வேலி, நான் கும்பகோணம். ஊரே கம்ப்யூட்டர் படித்துவிட்டு அமெரிக்காவுக்குப் பறந்துகொண்டிருந்தது. நாம் மட்டும் ஐஸ் பெட்டியோடு நஞ்சுக்கொடி தேடி அலைந்தோம். பெட்டிக்குள் மீனா என்று ஆட்டோக்காரர் கேட்டால் நீ கூசாமல் இந்த ஊர் ஆமாமான "ஹவ்" சொல்லித் தலையாட்டுவாய். ஒருமுறை என்ன விலை என்றும் கேட்டுவிட்டார். அதற்கும் ஒரு விலை சொன்னாய்.

நமக்கு வேண்டியது நஞ்சுக்கொடியோடு ஒட்டியிருக்கும் பனிக்குடச் சவ்வு. பிள்ளையைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறை அது, அதில் ரத்தக் குழாயே கிடையாது. தாயின் உடம்பு அதை அந்நியமென்று தாக்குவதில்லை. புண்பட்ட கண்ணின் மேல் போர்த்தினால் வீக்கத்தை அடக்குகிறது, தழும்பைக் குறைக்கிறது. எப்படி என்பதுதான் நம் கேள்வி. சுண்ணாம்பு பட்டு வெந்துபோன கண்ணுக்காக அதன் மேல் புதுச் செல்களை வளர்க்க முடியுமா என்றும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சவ்வு கிடைத்தால்தானே பார்க்க. நஞ்சுக்கொடியை முழுசாக மண்ணில் புதைத்தால்தான் பிள்ளைக்கு நல்லது என்று வீட்டுக்காரர்கள் மறுத்துவிடுவார்கள். மதிப்பாய்வுக் குழு வர இருந்தது. செல்கள் வளர்வதைக் காட்டாவிட்டால் திட்டத்தையே மூடிவிடுவார்கள். வீட்டுக்காரர்கள் கேட்டு வாங்காதது எப்படியும் கழிவு வாளிக்குள் போகிறதுதானே, கேட்காமல் எடுத்து வாருங்கள் என்று நம் மேலதிகாரி சொன்னார். "கேக்காம எடுத்தா அது களவுல்லா, சார்?" என்று நீ கேட்டாய். அவர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அப்போது நீயே மாசமாக இருந்தாய். பிள்ளை குறுக்கே கிடந்ததால் ஆபரேஷன் என்று முடிவானது. ஆபரேஷனில் எடுப்பதுதான் கிருமி படாமல் கிடைக்கும் என்பதால் உன் சவ்வையே தருவதாகச் சொன்னாய். ஆஸ்பத்திரிக்கு வந்த நான், சம்மதம்தானே என்று ஒப்புக்குக் கேட்டு வைத்தேன். உனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏட்டி, எல்லாருகிட்டயும் சொல்லுத மாதிரி எனக்கும் முழுசா சொல்லு" என்றாய். வேறு வழியில்லாமல், இப்படிக் கேட்க எனக்குக் கற்பித்தவளுக்கே தொடக்கத்திலிருந்து ஒப்பித்தேன்.

பக்கத்தில் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்த உன் மாமியார் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார். "எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிருவியளா? பொதைக்க ஒண்ணும் இருக்காதா?"

எத்தனையோ வாசல்களில் கேட்ட அதே பேச்சு. எல்லாரும் மாட்டோம் என்கிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். நீ மட்டும் அதைப் பதில் சொல்ல வேண்டிய கேள்வியாக எடுத்துக்கொண்டாய். முழு நஞ்சுக்கொடியையும் கூடத்துக்குத் தூக்கி வந்து, சவ்வை உரித்துவிட்டு, மற்றதை நாமே தூக்கி எறிந்துகொண்டிருந்தோம். அதை ஆஸ்பத்திரியிலேயே சுத்தமான அறையில் உரித்து, மிச்சத்தை வீட்டுக்காரர்களிடமே கொடுத்தால் என்ன என்று உனக்குத் தோன்றியது. "அத்த, சவ்வு கண்ணுக்கு, மிச்சம் மண்ணுக்கு. சரியா?" என்றாய். அவர் மறுபடி சாத்துக்குடியை உரிக்க ஆரம்பித்தார். சரி, ஆனால் புதைக்கிற சட்டியை நான்தான் வாங்குவேன் என்றார்.

உன் சவ்வை நான்தான் உரித்தேன். மிச்சம் மல்காஜ்கிரி ரயில்வே குடியிருப்பில், உன் வீட்டுக் கொல்லையில், கறிவேப்பிலைக் கன்றுக்கு அடியில் போயிற்று. உன் சவ்வின் மேல் செல்கள் தளம் பாவியது போல நெருக்கமாகப் பரவின. மைக்ரோஸ்கோப்பை விட்டு எழுந்திருக்கவே எனக்கு மனம் வரவில்லை. அதன் பிறகு எல்லா வீடுகளிலும் அப்படியே கேட்டோம், பெரும்பாலும் சரி என்றார்கள். குழு வந்தபோது காட்டுவதற்கு நம்மிடம் நிறைய இருந்தது. எப்படி இத்தனை சவ்வு கிடைத்தது என்று அவர்கள் கேட்க, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நீ ஆங்கிலத்தில் சொன்னாய்: கேட்டோம், கொடுத்தார்கள், மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தோம். திட்டம் பிழைத்தது.

உன்னைப் புற்றுநோய் கொண்டுபோயிற்று. அதைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. உன் மகள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள், ஆனால் கோபம் வந்தால் அச்சு அசலாக நீதான். போன ஞாயிற்றுக்கிழமை அந்தக் கறிவேப்பிலை மரத்திலிருந்து ஒரு கொத்து ஒடித்துத் தந்து, இது என்னுடைய மரம் ஆன்ட்டி என்றாள்.

இன்று காலை அந்த இளைஞன் தெரியும் மேடம் என்று எவ்வளவோ சொன்னான். தெரிந்தாலும் கேளுங்கள் என்று முழுசாகச் சொல்லி முடித்து, தியேட்டருக்குள் போகக் காத்திருந்த அவன் மனைவியிடமும் அப்படியே சொல்லிக் கேட்டேன். சொல்லாமல் விட்டால் "ஏட்டி" என்று ஒரு குரல் வரும், எனக்குத் தெரியும். சவ்வை உரித்து எடுத்துக்கொண்டு, மிச்சத்தைச் சட்டியில் வைத்து இரண்டு கையாலும் நீட்டினேன். வாங்கிக்கொண்டவன், இந்த வழக்கம் இங்கே எப்போதும் உண்டா என்று கேட்டான்.

இல்லை, என் சிநேகிதி ஆரம்பித்தது என்றேன்.