தெரிஞ்ச பையன் என்று சொல்லிவிட்டேன், அக்கா

என் எஸ்தர் அக்காவுக்கு,

கல்லறைத் திருநாளன்று உனக்குப் பூ வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்பிவிட்டேன். பக்கத்தில் ஜோயல் நின்றிருந்தான். உன் பிள்ளை எதிரில் சொல்ல முடியாததை இப்போது எழுதுகிறேன்.

அவன் நன்றாக இருக்கிறான். மஞ்சக்குப்பத்தில் ஒரு செல்போன் கடையில் வேலை. சனி, ஞாயிறு சிதம்பரத்தில் வகுப்பு. வேலைக்குப் போகிறவர்களுக்கான பி.எஸ்சி. கணிதம். விண்ணப்பம் வாங்கப் போனபோது நானும் துணைக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண், "வயசெல்லாம் பாக்க மாட்டாங்க, யார் வேணா சேரலாம்" என்றாள். நானும் ஒன்று வாங்கிக்கொண்டேன்.

பட்டம் இருந்தால் டியூஷன் எடுப்பதை விட்டுவிட்டு ஏதாவது பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேரலாம் என்று ஜோயலிடம் சொன்னேன். அது பாதி உண்மை. எனக்குக் கணக்கு பிடிக்கும், அக்கா. பிளஸ் டூவோடு நின்றுபோனவள் நாற்பத்தைந்து வயதில் அதை எப்படிச் சொல்வது? கூச்சமாக இருந்தது.

முதல் நாள் பஸ்ஸில் அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"சின்னம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. கிளாஸ்ல நாம தெரிஞ்சவங்கன்னு காட்டிக்க வேணாம். பசங்க ஓட்டுவானுங்க."

"சரிடா" என்று சிரித்தேன். ஆலப்பாக்கம் தாண்டும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். அவன்மேல் கோபமில்லை. இருபது வயதில் நம் அம்மா என் வகுப்பில் வந்து உட்கார்ந்திருந்தால் நான் மட்டும் என்ன செய்திருப்பேன்?

அவன் பையன்களோடு நடு வரிசையில் உட்கார்ந்தான், நான் கடைசி பெஞ்சில். முதல் செமஸ்டரிலேயே லீனியர் ஆல்ஜிப்ரா. வெக்டர் என்றால் எனக்கு ஓர் அம்புக்குறி, அவ்வளவுதான். இங்கே நாலு எண், ஐந்து எண் வைத்து வெக்டர் என்றார்கள். அம்பு எந்தப் பக்கம் போகிறது என்று தேடியே பல வகுப்புகள் போய்விட்டன. முதல் டெஸ்டில் ஃபெயில். சார் மார்க்கை எல்லார் முன்னாலும் வாசித்தார். முன் பெஞ்சுப் பெண் திரும்பி, பாவம் என்பதுபோல என்னைப் பார்த்தாள். ஜோயல் திரும்பவில்லை. அந்த வாரம் டியூஷன் பிள்ளைகளிடம் "இதுகூடத் தெரியலையா?" என்று கேட்க வாயெடுத்து, பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

அப்புறம் பிடிவாதமாக உட்கார்ந்தேன். உலை வைத்துவிட்டுக் கணக்குப் போடுவேன், கொதித்து வழிவதுகூடத் தெரியாது. ஒருநாள் காலையில் சட்டென்று ஒன்று பிடிபட்டது. சில வெக்டர்களில் ஒன்றை, மற்றவற்றை எண்களால் பெருக்கிக் கூட்டியே உண்டாக்கிவிட முடிந்தால், அது புதிதாக எதையும் கொண்டுவரவில்லை என்று அர்த்தம். அதைத்தான் சார்புடையவை என்கிறார்கள். இவ்வளவுதானா என்று எனக்கு நானே சிரித்துக்கொண்டேன். நீ இருந்திருந்தால் உடனே போன் செய்திருப்பேன்.

அதற்கடுத்த சனிக்கிழமை சார் பலகையில் மூன்று வெக்டர் எழுதி, சார்புடையவையா இல்லையா பார் என்று ஜோயலைக் கூப்பிட்டார். சொல்லிக்கொடுத்த முறைப்படி வரிவரியாகச் சுருக்க ஆரம்பித்தான். இரண்டாவது வரியில் ஒரு மைனஸை விட்டுவிட்டான். அதன்பின் எதுவும் வரவில்லை. அழித்தான், எழுதினான், மறுபடி அழித்தான். பையன்கள் கொக்கரித்தார்கள். அவன் காது சிவந்துவிட்டது, உனக்குச் சிவக்குமே அப்படி. எனக்கோ அந்த மூன்றையும் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

"டேய், மொதல் ரெண்டையும் கூட்டிப் பாருடா, மூணாவது வந்துடும்."

வீட்டில் பேசுவதுபோலவே பேசிவிட்டேன். மொத்த வகுப்பும் திரும்பியது. சார் பலகையைப் பார்த்துவிட்டு, "கரெக்ட். ரொம்ப கரெக்ட்" என்றார்.

உன்னிடம் சொல்ல வெட்கப்படுவது இதைத்தான், அக்கா. உன் பிள்ளை சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நிற்கிறான். எனக்கு அந்த நேரத்தில் சந்தோஷமாக இருந்தது. உடம்பெல்லாம் சந்தோஷம். அவன் முகம் கண்ணில் பட்ட பிறகும் அது உடனே போகவில்லை.

"தம்பி உங்களுக்குச் சொந்தமாம்மா?" என்று சார் கேட்டார்.

"இல்ல சார். தெரிஞ்ச பையன்."

அவனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று அன்றைக்கு நினைத்தேன். இப்போது சந்தேகமாக இருக்கிறது. யாரோ ஒரு பையன் என்றால் நான் கேள்விக்குப் பதில் சொன்னவள். எங்கள் வீட்டுப் பையன் என்றால், அவன் தலைகுனிந்தபோது சந்தோஷப்பட்ட நான் யார்?

ஜோயல் சாக்பீஸைக் கீழே வைத்தான்.

"எங்க சின்னம்மா சார். அம்மா போனப்புறம் இவுங்கதான் என்னைப் பாத்துக்குறாங்க."

யாரும் சிரிக்கவில்லை. சார் அவனைப் போய் உட்காரச் சொன்னார்.

திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தான். புதுச்சத்திரம் தாண்டியதும் நானே ஆரம்பித்தேன்.

"எல்லார் முன்னாடியும் அப்படிக் கத்திட்டேன். கோவமாடா?"

"அது பரவால்ல. எனக்குக் கணக்கு வரல, அவ்ளோதான். தெரிஞ்ச பையன்னு சொன்னீங்க பாத்தீங்களா, அதான்."

"நீதானடா காட்டிக்க வேணாம்னு சொன்ன."

"நான் சொல்லுவேன் சின்னம்மா. நீங்க சொல்லலாமா?"



மறுநாளும் அவன் பையன்களோடுதான் உட்கார்ந்தான். "சின்னம்மாவ கேளுடா" என்று ஒருவன் கிண்டல் செய்தது கடைசி பெஞ்சுவரை கேட்டது. ஜோயல் பொறுத்துக்கொண்டான். எனக்கு அன்று பாடத்தில் ஒரு சந்தேகம் இருந்தது, சாரிடம் கேட்கவில்லை. இப்போது வீட்டில் சாப்பிடுகிறான், பேசுகிறான். ஆனால் பாடத்தைப் பற்றி மட்டும் என்னிடம் பேச்செடுப்பதில்லை.

அக்கா, உன் பிள்ளையை நான் ஒருநாளும் என் மகன் என்று சொன்னதில்லை. நீ இருந்தபோது சொல்லியிருக்கலாம், உரிமை இருந்தது. நீ போன பிறகு, உன்னுடையதை எடுத்துக்கொள்கிறேனோ என்று பயமாக இருந்தது. அதனாலோ என்னவோ, கேட்டவுடன் அந்த வார்த்தை வரவில்லை. நீ கோபித்துக்கொள்வாயா?

இனி யார் கேட்டாலும் என் மகன் என்றே சொல்வேன். அவன் பலகை முன்னால் திணறும்போது, விடை தெரிந்தாலும் வாயை மூடிக்கொண்டிருப்பேன். இரண்டாவதுதான் கஷ்டம். ஆனாலும் செய்வேன், உன்மேல் ஆணை.

உன் தங்கச்சி,
ஜோயலின் சின்னம்மா,
ஸ்டெல்லா