குடைக்கு மேலே ஒரு கூட்டம்

செப்டம்பர் 4, வியாழன்

ஆசிரியர் கொசுவுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார். என் நிருபர் வாழ்க்கையில் அமைச்சர்களுக்குக்கூட அரைப் பக்கம் தாண்டியதில்லை.

ஆய்வுக்கூடத்துப் பூச்சியியலாளரைப் பார்த்தேன். மலேரியா பரப்பும் கொசுவில் இங்கே இரண்டு இனமாம். நுண்ணோக்கியில் வைத்தாலும் வித்தியாசம் தெரியாது. மரபணுச் சோதனைதான் காட்டும். பொழுது சாயும்போது ஆண் கொசுக்கள் கூட்டமாகச் சுழலும். பெண் உள்ளே நுழையும். ஜோடி சேர்ந்ததும் இரண்டும் கீழே இறங்கும். ஓர் இனம் தரையில் கறுப்பாக ஏதாவது கிடந்தால் அதன் மேலே கூடும். மற்றது வெறும் மண்ணுக்கு மேலே. அதனால் கலப்பு அரிது. கலந்தால்தான் வம்பு. ஓர் இனத்துக்கு மருந்தடித்தாலும் சாகாத குணம் வந்துவிட்டது. கலப்பில் அது மற்றதுக்கும் போய்விடும். கலப்பு எப்படி நடக்கிறது என்பதைத்தான் அவர் வருடக்கணக்காகத் தேடுகிறார்.

"கலப்பு ஜோடி ஒண்ணுகூட மாட்டல. மாசக் கடைசிக்குள்ள கிடைக்கலேன்னா திட்டத்தை மூடிடுவாங்க. நான் வேற ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான்."

கடைசி வரியை ஏன் அடிக்கோடிட்டேன்? கட்டுரைக்கு அது தேவையே இல்லை.

செப்டம்பர் 5

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. செய்திக்காகத்தான் கேட்டேன்.

செப்டம்பர் 9

அவர் கொசு பிடிக்கும் மைதானத்துக்கு இன்றும் போனேன். வாசலில் அக்கா மறித்தாள். "கொசுக் கல்யாணத்துக்கு எதுக்குடி புதுச் செருப்பு?"

"அங்க ஒரே சேறு. இது வழுக்காது."

"நீ வழுக்கி விழுந்து அஞ்சு நாள் ஆச்சு."

ஐம்பத்திரண்டு வயதில் முகம் சிவக்குமா? சிவக்கிறது.

செப்டம்பர் 16

எதைச் சொல்ல, எதை விட.

வழியில் தூறல். மைதானத்துக்குப் போனபோது விட்டிருந்தது. குறிப்பெடுக்க இரண்டு கையும் வேண்டும். ஈரக் குடையை விரித்தபடி தரையில் வைத்தேன், காயட்டும் என்று. கறுப்புக் குடை. பக்கத்தில் வெறும் மண்ணுக்கு மேலே ஒரு கொசுக்கூட்டம் ஏற்கெனவே சுழன்றுகொண்டிருந்தது. சற்று நேரத்தில் குடைக்கு மேலே இன்னொன்று. இரண்டும் ஓரத்தில் உரசின. பிறகு ஒரே கூட்டம்.

"இந்தக் குடையை யார் வெச்சது?" என்றார் பூச்சியியலாளர். போச்சு, ஆராய்ச்சியைக் கெடுத்துவிட்டேன் என்று எடுக்கக் குனிந்தேன்.

"தொடாதீங்க. மூச்சுகூட மெதுவா விடுங்க."

விழுகிற ஜோடிகளை வலையில் பிடித்தார். நான் குப்பிகளை நீட்டினேன். கன்னத்தில் கொசு கடித்தது, அடிக்கவில்லை. அவர் பார்த்துச் சிரித்தார். இனி எது கடித்தால் என்ன.

செப்டம்பர் 19

அலுவலகத்துக்குப் போன் செய்தார். "ஆண் ஓர் இனம், பெண் இன்னோர் இனம். ரெண்டு ஜோடி மாட்டியிருக்கு."

நாற்காலியிலிருந்து துள்ளினேன். பிழைதிருத்துபவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"என் குடையால வந்தது எப்படிங்க கணக்குல சேரும்?"

"ஊர் முழுக்க டயர், சாக்கு, தார்ப்பாய்னு கறுப்பா ஏதாவது கிடக்கு. உங்க குடை செஞ்சதை அதுவும் செய்யும். ஆனா திரும்பத் திரும்ப வெச்சுக் காட்டணும். குடை வேணும்." ஏதோ குப்பியை மூடும் சத்தம். "குடையை மட்டும் கேக்கல."

போனை வைத்தபின்தான் உறைத்தது. எழுத அனுப்பிய செய்தியை நானே உண்டாக்கி வைத்திருக்கிறேன். இதை எப்படி எழுதுவேன்?

செப்டம்பர் 20

ஆசிரியரிடம் போனேன். "இந்தக் கட்டுரையை நான் எழுதக் கூடாது சார். குடை என்னோடது."

"அதனால என்ன? அதையும் ஒரு வரி சேர்த்துடுங்க."

"குடை மட்டும்னா சேர்த்துடலாம்."

பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க கொண்டுவந்ததுலயே எனக்கு முன்கூட்டியே தெரிஞ்ச செய்தி இது ஒண்ணுதான்."

பக்கம் விளையாட்டு நிருபருக்குப் போனது. கொஞ்சம் வலித்தது. கொஞ்சம்தான்.

செப்டம்பர் 28, ஞாயிறு

பக்கம் வந்துவிட்டது. கொசுக்களை இரண்டு அணிகளாக்கி எழுதியிருக்கிறார் பாவி. நன்றாகத்தான் இருக்கிறது. திட்டத்துக்கு இன்னும் இரண்டு வருடம் கொடுத்திருக்கிறார்கள்.

அக்கா வாய்விட்டுப் படித்தாள். "'அங்கிருந்த ஒரு பெண்மணியின் குடை'ன்னு போட்டிருக்கே. யாருடி அந்தப் பெண்மணி?" அத்தான் காபியைச் சிந்தினார்.

மாலை மைதானம். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. குடையை விரித்துத் தரையில் வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். குறிப்பேடு எடுத்துப் போகவில்லை.