தெருவில் நின்று எழுதிய படிவம்

அக்கா,

சப்பாத்தின் அடியில் அப்பிய களிமண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். மணம் போகவில்லை. மழைக்குப் பிறகு உழுத வயலின் மணம். இன்று காலை உங்கள் நிலத்துக்குப் போயிருந்தேன். பறவை பார்க்க வருபவர்களுக்காக அங்கே பலகையில் நடைபாதை போடுகிறார்கள். எங்கள் விவசாயத் திணைக்களத்திலிருந்தும் ஒருவர் வந்து நிற்க வேண்டுமாம். நிற்பதில்தான் நான் கெட்டிக்காரன் ஆயிற்றே.

தூண் நடும் வேலைக்குப் பொறுப்பானவர் என்னிடம் முறைப்பட்டார். "சேர், எங்க கிண்டினாலும் சேறு. தூண் நிக்குதில்லை. இந்த ஒரு கோட்டில மட்டும் நல்லா இறுகிக் கிடக்கு. பாதையை இப்பிடி மடக்கித்தான் போடவேணும்."

அவர் காட்டிய மடிப்பை எனக்குத் தெரியும். அது உங்கள் வரம்பு.

நீங்கள் மீள்குடியேறிய முதல் மாரியில் நானாட்டானிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து, காணிகளின் நிலையைப் படிவத்தில் பதிவது என் வேலையாக இருந்தது. முகாமிலிருந்து வந்து தகரக் கொட்டிலில் இருந்தீர்கள். உங்கள் சீதன வயல் முழுக்க உடைமரமும் விடத்தலும் முள்ளாக மண்டிக் கிடந்தது. பள்ளத்தில் தண்ணீர், தண்ணீரில் நாரைகள். மிதிவெடி எடுத்து முடிந்தது என்று கடிதம் வந்திருந்தது. கடிதத்தை நம்பி நீங்கள் இறங்கினீர்கள். அதைக் கொண்டுவந்து தந்த நான் தெருவிலேயே நின்றேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு முள்ளுக்குள் நடந்தீர்கள். நேராகப் போய்ச் சட்டென்று வலப்பக்கம் திரும்பினீர்கள். கொஞ்சத் தூரம் போய் மறுபடியும் திரும்பினீர்கள். முள்ளுக்கு விலகுகிறீர்கள் என்றுதான் நினைத்தேன்.

"வரம்பு காலுக்குத் தெரியுது தம்பி. இறங்கி வாங்கோ, நான் நடந்த இடத்தில மிதிச்சு வந்தாச் சரி."

"இங்கயிருந்தே தெரியுதக்கா."

"சப்பாத்து ஊத்தையாப் போயிடும், என்ன?" என்று சிரித்தீர்கள். பிறகு சிரிக்காமல் சொன்னீர்கள்: "வயல் எண்டு எழுதுங்கோ."

'தற்போதைய பயன்பாடு' என்ற இடத்தில் நான் எழுதியது: பற்றைக்காடு, நீர் தேங்கும் நிலம். கண்ணால் கண்டதைத்தானே எழுதினேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குப் பயம்.

விதைநெல் மானியம் வந்தபோது, வயல் என்று பதிந்த காணிகளுக்கு மட்டும்தான் என்றார்கள். சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்தபடி வரிசையில் நின்ற உங்களைத் திருப்பி அனுப்பியதும் நான்தான். பிறகு மாவட்ட அபிவிருத்தித் திட்டம் வந்தது. வரைபடத்தில் விவசாயத்துக்கு ஒரு நிறம், சுற்றுலாவுக்கு ஒரு நிறம். அங்கே விதைப்பு இல்லை என்று என் படிவம் சொன்னதால், உங்கள் நிலத்துக்குச் சுற்றுலாவின் நிறம் விழுந்தது.

கூட்டத்தில் எழும்பிக் கேட்டீர்கள்: "நாங்கள் விதைக்கேக்கையும் நாரை வந்ததுதானே? அப்ப அதைப் பாக்க ஒருத்தரும் ரிக்கெற் வைக்கேல்லையே!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது. நாரைகளோடு எனக்குக் கோபமில்லை. வெளியாட்கள் வந்தால் ஊரில் நாலு பேருக்கு வேலையும் கிடைக்கும். அரிவு வெட்டி நெல் எடுத்த வயலில் நாரை மேயும் என்பது உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் திட்டம் போட்டவர்களுக்கு அதை எடுத்துச் சொல்ல வேண்டிய ஆள் வாயைத் திறக்கவில்லை.

மனுவுக்கு மேல் மனுவாகக் கொடுத்துக்கொண்டிருந்து, போன மாரிக்கு முன் காய்ச்சலில் போய்விட்டீர்கள். திரும்பி வந்த பிறகு அந்த நிலத்தில் ஒரு போகம்கூட விதைக்கவில்லை. செத்தவீட்டில் பின்வரிசைக் கதிரையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, எழும்பி வந்தேன்.

இன்று மதியம் உங்கள் மகள் யசோ வேலை நடக்கும் இடத்துக்கு வந்தாள். நாளை அவளுக்குக் காணி விசாரணை. "வயல் எண்டதுக்கு என்ன ஆதாரம் எண்டு கேக்கினம் சேர். அம்மா சொன்னதைத் தவிர என்னட்ட ஒண்டுமில்லை" என்றாள். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

சப்பாத்தோடு சேற்றில் இறங்கினேன். அந்த இறுகிய கோட்டில் கிண்டி வைத்திருந்த குழிகளை ஒட்டியே நடந்தேன். நேராகப் போய், வலப்பக்கம் திரும்பி, மறுபடியும் வலப்பக்கம். கால் எங்கும் புதையவில்லை. 'இறங்கி வாங்கோ' என்று நீங்கள் கூப்பிட்டது இத்தனை வருடமும் என் காதில்தான் இருந்தது அக்கா.

படிவத்தின் பிரதியை அலுமாரியிலிருந்து எடுத்து மேசையில் வைத்திருக்கிறேன். வேலைக்கு என்ன வருமோ தெரியாது, பயமாகத்தான் இருக்கிறது. நாளை யசோவோடு விசாரணை நடக்கும் கந்தோருக்குப் போய், இப்படி ஒரு கடிதம் எழுதிப் பிரதியோடு சேர்த்துக் கொடுக்கப்போகிறேன்:

'இந்தப் படிவத்தை நான் தெருவில் நின்றபடி நிரப்பினேன். இன்றுதான் உள்ளே இறங்கிப் பார்த்தேன். இது வயல்.'