தகடு திரும்பியிருந்தது

ஸ்ரீரங்கம்

அன்புள்ள ஹரிக்கு, அம்மா எழுதுவது. ரங்கன் புண்ணியத்தில் எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் அந்தக் குளிரில் சுகமாக இருக்க வேண்டும். நேற்று நீ போனை வைத்த விதம்தான் நெஞ்சில் நிற்கிறது, பிறகு எத்தனை தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை, அதனால் எழுதுகிறேன், கோபத்தோடாவது முழுக்கப் படி.

உன் ஆராய்ச்சித் தகட்டிலிருந்து ஒரு சதுரத் துண்டை, நான் வேலை பார்க்கும் காலேஜ் லேபிலும் அளந்து பாருங்கள் என்று நீதான் அனுப்பினாய். உலோகத்துக்குள் இருக்கும் பொடிப் படிகங்கள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்று எக்ஸ்ரேயில் பார்த்தேன். உன் படமும் என் படமும் ஒன்றுக்கொன்று குறுக்காக நின்றன. என் கை மேலேயே நம்பிக்கை இல்லாமல், எதுவும் சொல்லாமல், கூட வேலை பார்க்கும் ஷெர்லினிடம் துண்டைக் கொடுத்தேன். அவளுக்கும் எனக்கு வந்ததே வந்தது. உன் படத்தைக் காட்டியதும், "மேடம், உங்க பையன் துண்டைக் குறுக்க வச்சிட்டாரு போல" என்றாள். நேற்று போனில் இதைச் சொன்னதற்குத்தான் "உங்க மெஷின் பழசும்மா" என்று நீ கத்தினாய். இன்று காலை காவிரிப் பாலத்தில் பஸ் நகராமல் நின்றபோதெல்லாம் காதில் அதுதான். போனதும் முதல் வேலையாக, திசை ஏற்கெனவே தெரிந்த வேறொரு துண்டை வைத்து மெஷினைச் சோதித்தேன். மெஷின் சரியாகத்தான் இருக்கிறது, ஹரி.

அப்பா, "பட்டம் வாங்கட்டும், அப்புறம் சொல்லிக்கலாம், பையன் ஒடிஞ்சு போயிடுவான்" என்கிறார். பட்டம் மட்டும் என்றால் நானும் வாயை மூடிக்கொண்டிருப்பேனோ என்னவோ. ஆனால் உன் அளவை நம்பித்தான் அந்த வேன் கம்பெனி இருக்கைச் சட்டங்களை வெட்டப்போகிறது என்று நீயே சொன்னாய். தகட்டைத் தப்பான வாக்கில் வெட்டி மடக்கினால் மடிப்பில் விரிசல் விடும், அந்த இருக்கையில் யார் பெற்ற பிள்ளையோ உட்காரும்.

இவ்வளவு எழுதியபோது உன் மெசேஜ் வந்தது. "திரும்ப அளந்தேம்மா. நான்தான் குறுக்க வச்சிருக்கேன். வெட்டறத நிறுத்தச் சொல்லி கம்பெனிக்கு எழுதிட்டேன். ப்ரொபசர்கிட்ட போறேன், பயமா இருக்கு." அப்பாவிடம் போனை நீட்டினேன், படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். ப்ரொபசர் என்ன சொல்லுவாரோ, பட்டம் எவ்வளவு தள்ளிப்போகுமோ, எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் போ, சுற்றி வளைக்காமல் சொல். வெளியே வந்ததும் எந்த நேரமானாலும் கூப்பிடு, நாங்கள் இருவரும் உட்கார்ந்திருப்போம்.

உனக்கு ஒரு குறையும் வராமல் பெருமாள் பார்த்துக்கொள்வார். வெறும் வயிற்றோடு போகாதே.

இப்படிக்கு,
உன் மேல் கோபமே இல்லாத
அம்மா ஆனந்தவள்ளி